ஐந்து மாத்திரைகள்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இதழாசிரியர், "உங்கள் அத்தை வீடு மட்டாஞ்சேரியில்தானே? அந்த ஊரைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். அவர் எதிர்பார்த்தது எதுவென எனக்குத் தெரியும். 1568-இல் எழுந்த யூதர் ஆலயம், போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு வழங்கிய அரண்மனை, அதன் சுவரில் தசரதன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்யும் ஓவியம், மிளகும் சுக்கும் மணக்கும் கடைத்தெரு. நல்ல பொருள்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் படகேறி அங்கே போய் வந்த நம் மன்றத்தார் ஒவ்வொருவரும் இவற்றையே எழுதிவிடுகின்றனர்.

நான் எழுதப் போவது பிள்ளை வேண்டி வேள்வி செய்த அரசனைப் பற்றியன்று. பிள்ளை இனி வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு கூலிக்காரப் பெண்ணைப் பற்றியும், அவர் உட்கொண்ட ஐந்து மாத்திரைகளைப் பற்றியுமே எழுதுகிறேன். "இதையெல்லாம் மாணவர் மலரில் எழுதலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். விடுதி அறைகளில் விளக்கணைந்த பிறகு இதே செய்தி கிசுகிசுவென்று பேசப்படுவதையும், எத்தனை பிழையோடு பேசப்படுகிறது என்பதையும் நான் கேட்டிருக்கிறேன். பிழையாகப் பேசலாம், சரியாக எழுதக் கூடாது என்பது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை.

அத்தை வீடு பாண்டிக்குடிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் என் தமிழ் நெஞ்சு குளிர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். மதில் ஒன்றைப் பொதுவாகக் கொண்ட பக்கத்து வீட்டில், சுக்கு மண்டியில் தரம் பிரிக்கும் வேலை செய்யும் அக்கா ஒருவர் குடியிருக்கிறார். கணவர் பாரவண்டி ஓட்டுபவர். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய இசைவைப் பெற்றே எழுதுகிறேன் என்பது மட்டும் போதும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நாள் மாலை, துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னை மதிலோரம் அழைத்தார். "தங்கச்சி, நீ மருந்துக்குத்தானே படிக்கிற? இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு" என்று செய்தித்தாளில் சுற்றிய ஓர் அட்டையை நீட்டினார். அட்டையில் ஐந்து மாத்திரைகள் இருந்தன. ஒன்று தனியே, நான்கு சேர்ந்தாற்போல. நாள் தள்ளிப் போய்விட்டதாம். மண்டியில் உடன் வேலை செய்யும் ஒருத்தி எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தாளாம். "அஞ்சையும் ஒண்ணா முழுங்கிட்டா ராத்திரிக்குள்ள சரியாயிரும்னா" என்றார்.

மருந்தியல் மாணவி ஒருத்திக்கு இதைவிடக் கடினமான தேர்வு வேறு இருக்க முடியாது. அந்த மாத்திரைகள் எவை என்பது எனக்குத் தெரியும். அவை எப்படி வேலை செய்கின்றன என்று பாடத்தில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மருந்தைப் படித்தவள் நோயாளியைப் படித்தவள் ஆகமாட்டாள். "அக்கா, இதை நான் வாசித்துச் சொல்கிறேன், ஆனால் டாக்டரம்மாளைப் பார்க்காமல் விழுங்க வேண்டாம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும், திட்டுவார்கள், கணவனைக் கூட்டி வா என்பார்கள், போலீசுக்குச் சொல்வார்கள் என்று அச்சங்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் சில வீண் அச்சம். சில அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாதவை. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு அன்றிரவு முழுவதும் தேவைப்பட்டது.

முதலில் அந்த மாத்திரைகளின் கதை. தனியே இருந்த ஒன்று மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். பிரான்சு நாட்டில் ரூசெல் உக்லாஃப் என்னும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1980-இல் உருவானது. எத்தியேன் எமில் போலியூ என்ற அறிஞரின் பெயர் இதனோடு சேர்ந்து வழங்கும். 1988 செப்டம்பரில் அந்நாட்டு அரசு இதற்கு அனுமதி தந்தது. எதிர்ப்புக்கு அஞ்சிய கம்பெனி அடுத்த மாதமே மருந்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அப்போது நலத்துறை அமைச்சராக இருந்த குளோத் எவென் இரண்டு நாளில் தலையிட்டு, இம்மருந்து பெண்களுக்கு உரிய அறவழிச் சொத்து என்று கூறி, திரும்ப விற்பனைக்குக் கொண்டுவரச் செய்தார். நம் நாட்டில் இதற்கு அனுமதி கிடைத்தது 2002-இல். இரண்டு மருந்தும் ஒரே அட்டையில் சேர்ந்து வந்தது 2008 இறுதியில்.

மற்ற நான்கும் மிசோப்ரோஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். இது பிறந்த கதை வேடிக்கையானது. இது வயிற்றுப்புண்ணுக்கென்று செய்யப்பட்ட மருந்து! கருவுற்றவர் உண்ணலாகாது என்று எச்சரிக்கை இருந்தது. பிரேசில் நாட்டுப் பெண்கள் 1980-களின் பிற்பகுதியில் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாகப் படித்துக்கொண்டனர். மருத்துவ உலகம் அவர்களைப் பின்தொடர்ந்து கற்றுக்கொண்டது. பேறுகாலத்தில் பெருகும் உதிரத்தை நிறுத்தவும் இன்று இதே மாத்திரை பயன்படுகிறது. இவ்விரு மருந்துகளின் இணையை உலக நலவாழ்வு அமைப்பு 2005-இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்து, 2019-இல் அப்பட்டியலின் முதன்மைப் பகுதிக்கே மாற்றியது.

இவை செய்யும் வேலையை அக்காவுக்கு நான் சொன்ன விதமாகவே இங்கும் சொல்கிறேன். கருப்பையின் உள்பூச்சைக் கருவுக்கு மெத்தையாக வைத்துக் காப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு நீர். அது வந்து அமரவேண்டிய நாற்காலியில் மிஃபெப்ரிஸ்டோன் முன்னதாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்காருகிறதே தவிர ஒரு வேலையும் செய்வதில்லை. நம் சங்கங்களில் சில பொறுப்பாளர்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெத்தை தளர்ந்துவிடுகிறது. ஒன்றரை அல்லது இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து, வாயை நெகிழச் செய்து, உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. ஆகவே ஐந்தையும் ஒன்றாக விழுங்குவது என்பது முதல் மருந்துக்கு அதன் வேலையைச் செய்ய நேரம் கொடாமல் இருப்பதாகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நம் வளாகத்தில் இக்குழப்பம் மிகுதி. 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளும் அவசரத் தடுப்பு மாத்திரை வேறு, இது வேறு. அது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் மருந்து. கருமுட்டை வெளிவருவதைத் தடுத்தோ தள்ளிப்போட்டோ கரு உண்டாகாமல் காப்பது. உண்டான கருவை அது ஒன்றும் செய்வதில்லை.

மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். அத்தையிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அத்தை கேட்டுவிட்டு, "பாவம்" என்று ஒரே சொல் சொன்னார். கருவைச் சொன்னாரா, அக்காவைச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

டாக்டரம்மாள் மலையாளி, தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். அவர் திட்டவில்லை. கடைசியாகத் தூரமான நாள் எது என்பதுதான் முதற்கேள்வி. கருவின் நாள் எண்ணப்படுவது அந்த முதல் நாளிலிருந்துதான். பலரும் நினைப்பதுபோல் நாள் தள்ளிய தேதியிலிருந்து அன்று. இந்த ஒரு கணக்கில் தவறி நான்கு வாரம் பின்தங்கிவிடுவோர் உண்டு. பிறகு வரிசையாகக் கேட்டார். முன் பேறுகள் எப்படி, இரத்தம் உறையாத நோய் உண்டா, இரத்தத்தை இளக்கும் மருந்து உண்டா, ஈளைக்கு நீண்டநாளாக ஸ்டீராய்டு உண்டா, காப்பர்-டி உள்ளே இருக்கிறதா, அண்ணீரகச் சுரப்பிக் கோளாறு உண்டா? இவற்றுள் எதற்கேனும் "உண்டு" என்று பதில் வந்தால் மாத்திரை ஏற்றதன்று, அல்லது முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரத்தம் சோதித்தார்கள். சத்து பத்துக்குச் சற்று மேலே நின்றது. அதற்குப் பெரிதும் கீழே இறங்கியிருந்தால், இழக்கப்போகும் உதிரத்தைத் தாங்கும் வலிமை இருக்குமா என்று யோசிக்க நேர்ந்திருக்கும் என்றார்.

அடுத்தது ஸ்கேன். அக்கா இதற்குத்தான் மிகவும் தயங்கினார். டாக்டரம்மாள் அவருக்கு ஒரு கதை சொன்னார். கதையென்றா சொன்னேன்? அவர் கண்ணால் கண்டது. ஒரு பெண் யாரோ கொடுத்த மாத்திரையை வீட்டிலேயே உண்டாளாம். சிறிது உதிரம் போயிற்று. முடிந்ததென்று நிம்மதியாக இருந்துவிட்டாள். பத்து நாள் கழித்து ஒரு பக்க வயிற்றில் கடும் வலி, தோள்பட்டையில் குத்தல், மயக்கம். கரு கருப்பையில் இருக்கவில்லை, குழாயில் தங்கியிருந்தது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே உதிரம் பெருகியிருந்தது. அறுவை செய்து காப்பாற்றினார்களாம். நூறு கருவில் ஒன்றோ இரண்டோ இப்படி இடம் மாறித் தங்குகிறது. இந்த மாத்திரைகள் குழாயில் தங்கிய கருவைக் கலைப்பதில்லை. மாத்திரையால் குழாய் வெடிப்பதும் இல்லை. ஆனால் மாத்திரை தந்த நிம்மதி, ஆபத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. தோளில் வலி எடுத்தால் அது வயிற்றின் வலி என்று யாருக்குத் தோன்றும்?

அக்காவின் கரு உரிய இடத்தில்தான் இருந்தது. ஆறு வாரமும் நான்கு நாளும் ஆகியிருந்தது.

இனி அந்த அச்சங்களுக்கு வருகிறேன். கருக்கலைப்பு நம் நாட்டில் குற்றமா? விடை நேரானதன்று. கருச்சிதைவு செய்வித்தல் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகவே இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 88-ஆம் பிரிவாக இருக்கிறது. அதற்கு விலக்காக நிற்பதே 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். அதன்படி, பதிவுபெற்ற மருத்துவர் சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்று இருப்பதாகக் கருதினால் கலைக்கலாம். பெண்ணின் உடலுக்கோ மனத்துக்கோ கேடு என்பது ஒன்று. கருத்தடை முறை தவறியது என்பது மற்றொன்று. 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். சில வகையினர்க்கு 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும். மாத்திரை முறைக்கு விதிகள் இட்ட எல்லை 9 வாரம்.

கணவன் கையெழுத்து? 18 வயது நிரம்பிய பெண்ணாயின் அவருடைய இசைவு ஒன்றே சட்டம் கேட்பது. வழக்கத்தில் சில இடங்களில் கணவனையும் கேட்கிறார்கள் என்பது உண்மை. அது அவர்கள் வழக்கம், சட்டமன்று. மணமாகாதவர் என்பதால் மறுக்கவும் இயலாது. 2021 திருத்தம் "கணவன்" என்றிருந்த இடத்தில் "துணைவர்" என்று மாற்றியது; 2022 செப்டம்பர் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மணமாகாதவர்க்கும் 24 வாரம் வரையுள்ள உரிமை பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெண்ணின் பெயரையும் விவரத்தையும், சட்டத்தால் அதிகாரம் பெற்றவரிடமன்றி, மருத்துவர் வெளியிடலாகாது. வெளியிட்டால் தண்டனை உண்டு. இதைக் கேட்டபோதுதான் அக்காவின் தோள் தளர்ந்து இயல்புக்கு வந்ததைக் கண்டேன்.

ஒரு சிறு திசைதிருப்பல். 1971 ஆகஸ்டில் இச்சட்டம் பிறப்பதற்கு முந்தைய மாதந்தான், காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தில், மாவட்டக் கலெக்டர் கிருஷ்ணகுமார் நடத்திய குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் 63,000-க்கு மேற்பட்ட அறுவைகள் ஒரே மாதத்தில் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு! திருவிழாப் போலக் கூட்டமாம். ஆண்கள் வரிசையில் நின்ற அந்த ஊர்க்காரர்களின் பேரன்மாரை இன்று அப்படி நிற்கச் சொல்லிப் பாருங்கள். பொறுப்பு முழுவதும் பெண்ணின் தலையில் வந்து இறங்கியது எப்போது என்று யாரேனும் ஆய்வு செய்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

வியாழக்கிழமை காலை, மருத்துவமனையிலேயே முதல் மாத்திரையை விழுங்கினார். ஒன்றும் நிகழவில்லை. அன்று மாலையே மண்டிக்கு வேலைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மற்ற நான்கு. அவற்றை வீட்டில் வைத்தே உட்கொள்ளலாம் என்று டாக்டரம்மாள் விட்டது வீடு அருகில் இருந்ததாலும், துணைக்கு ஆள் இருந்ததாலும், எந்நேரமும் வர வண்டி இருந்ததாலும். இரண்டு இரண்டாக இரு கன்னக் கதுப்பிலும் அடக்கி, அரை மணி நேரம் கரையவிட்டு, எஞ்சியதைத் தண்ணீர்விட்டு விழுங்கச் சொன்னார். சுவை சுண்ணாம்பு போல இருக்கிறது என்றார் அக்கா.

பிள்ளைகளை அவர் கணவர் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றுவிட்டு, உச்சிக்குள் திரும்பிவந்து, நண்பர் ஒருவரின் ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திக்கொண்டு அதனுள்ளேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் வர அவருக்குத் துணிவில்லை. ஆயினும் அங்கிருந்து அசையவும் இல்லை.

நான் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். மணி 11.10: குளிர் நடுக்கம், இரண்டு போர்வை. 11.30: வயிற்றோட்டம் ஒருமுறை, குமட்டல். நெற்றி சுட்டது. இவை மிசோப்ரோஸ்டாலின் இயல்பு, ஒரு நாளுக்குள் தணிந்துவிடும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்ததால் பயப்படவில்லை. சொல்லப்படாமல் இருந்திருந்தால் நடுங்கியிருப்போம். 11.50: வலி தொடங்கியது. மாதவிலக்கு வலியின் உறவுதான். ஆனால் மூத்த உறவு. ஐபுப்ரொஃபென் ஒன்று கொடுத்தோம்; வலி மாத்திரை உண்டால் மருந்து வேலை செய்யாது என்பது வீண் பேச்சு. அத்தை சுடுநீரைப் புட்டியில் ஊற்றித் துணி சுற்றி அடிவயிற்றில் வைத்தார். 12.20: உதிரம்.

மாத்திரை கரைந்து இரண்டு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள்தான் உதிரப்போக்கு உச்சமாக இருக்கும். கட்டிகள் வரும். டாக்டரம்மாள் எங்களுக்குக் கொடுத்த அளவுகோல் மிக எளியது: பெரிய பட்டை இரண்டு ஒரு மணி நேரத்தில் முழுவதும் நனைந்து, அடுத்த மணியிலும் அவ்வாறே இரண்டு நனைந்தால், மூன்றாவது மணிக்குக் காத்திராமல் புறப்பட்டு வரவேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் இரண்டு பட்டை நனைந்தன. நோட்டில் "2" என்று எழுதிய என் கையெழுத்து இப்போது பார்த்தாலும் கோணலாகவே இருக்கிறது. அத்தை சந்து முனைக்குச் சென்று, ஆட்டோவைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "எண்ணிட்டே இரு தங்கச்சி" என்றார். கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் முகத்தைப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம். தலை சுற்றுகிறதா என்று எத்தனை முறை கேட்டேனோ! பெரிய கட்டி ஒன்று இரண்டரை மணிக்கு வெளிவந்தது. அதன் பின் வலி கயிறு அறுந்தாற்போல் தளர்ந்தது. மூன்று மணிக்கு நோட்டில் "1" என்று எழுதினேன். நான்கு மணிக்கு அதுவும் பாதிதான் நனைந்திருந்தது.

ஆறு மணிக்கு அத்தை காய்ச்சிய கஞ்சியை, சுட்ட அப்பளத்தோடு, ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார் அக்கா. "பாவம்" என்று சொன்ன அதே அத்தைதான். கணவர் அப்போதுதான் உள்ளே வந்தார், வாசலில் நின்றபடியே, "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு உதிரம் மெல்ல மெல்லக் குறைந்து பதினொரு நாள் நின்றது. இதுவும் இயல்பே. ஒன்பது நாளிலிருந்து பதினாறு நாள் வரை சராசரி. நூற்றில் எட்டுப் பேருக்கு ஒரு மாதம் வரை கறை படுவதுண்டு. அஞ்சவேண்டியவை வேறு. நான்கு மாத்திரை உண்டு ஒரு நாள் கடந்த பின்னும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தீய நாற்றமுள்ள போக்கு, தணியாத வலி, அல்லது உதிரமே வராமல் இருத்தல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் தாமதிக்கலாகாது. உதிரம் வரவில்லையே என்று மகிழ்வது பேதைமை. கரு தொடர்கிறது, அல்லது வேறிடத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும்.

உரிய நாளில், உரிய முறையில் உண்டால் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோருக்கு முற்றிலும் கலைந்துவிடுகிறது. எஞ்சியோருக்கு மீண்டும் மருந்தோ, உறிஞ்சி எடுக்கும் சிறு சிகிச்சையோ வேண்டியிருக்கும். இரத்தம் ஏற்றும் நிலை நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதல் இம்மருந்து வழங்கும் அனுபவத்தில், இறப்பு இலட்சத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. நம் நாட்டில் 2018–20-இல் இலட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தனர். கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54. இரு நாட்டுக் கணக்கை நேருக்கு நேர் வைப்பது முறையன்றுதான். ஆயினும் மாத்திரையை நஞ்சு என்றும் பேற்றை விளையாட்டு என்றும் பேசுவோர் இவ்வெண்களைச் சற்றே நோக்கலாம்.

"இனிமே வேணும்னாலும் பிள்ளை தங்காதாமே?" இதுவும் அக்கா கேட்டது; விடுதியிலும் கேட்டிருக்கிறேன். அப்படியன்று. இம்மருந்துகள் சில நாளில் உடலைவிட்டு நீங்கிவிடுகின்றன, மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. இந்த அச்சம் வீணாகப் பிறந்ததும் அன்று. எருக்கங்குச்சியும் கொடிவேலி வேரும் உள்ளே செருகிக் கலைத்த காலத்தில் சீழ் பிடித்துக் கருப்பையையும் குழாயையும் இழந்தவர்கள், உயிரையே இழந்தவர்கள் உண்டு. அந்த நினைவு பாட்டிமார் வழியாக மாத்திரையின் மேல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொச்சிக் கோட்டையில் இருந்த டச்சுத் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களைக் கொண்டு இந்நாட்டு மூலிகைகளைத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது பெருமைக்குரியது. மூலிகையில் பெருமை உண்டு. அதற்காக எருக்கங்குச்சிக்குப் பரிந்து பேச வேண்டியதில்லை. மாறாக, உடனே மீண்டும் கருத்தரிக்கக்கூடும் என்பதுதான் பலர் அறியாதது. இரண்டு வாரத்துக்குள்ளேயே கருமுட்டை வெளிவரலாம். அடுத்த மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார்.

2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று லான்செட் குளோபல் ஹெல்த் என்னும் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவற்றுள் நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நிகழ்ந்தவை. அதாவது மதிலோரம் செய்தித்தாளில் சுற்றிய அட்டையோடு நின்ற அக்கா தனியாள் அல்லர். அவரைப் போல ஒரு கோடிக்கு மேற்பட்ட அட்டைகள். அவர்களுள் பெரும்பாலோர் நலமாகவே மீண்டிருப்பர். மருந்து நல்ல மருந்து. ஆனால் நாள் கணக்குத் தவறியவர், குழாயில் கரு தங்கியவர், இரத்தம் குன்றியவர் யார் என்பது விழுங்கும்போது அவர்களுக்கே தெரியாது. மருந்துக்கடைக்காரரோ பெண் சிசுக்கொலைத் தடுப்புக்கென வரும் சோதனைக்கு அஞ்சி, சீட்டு கொண்டு வருபவருக்கே இல்லையென்று சொல்லிவிடுகிறார். இது எங்கள் பயிற்சிக் காலத்தில் நான் கண்டது. 9 வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று காண முடியாது என்னும்போது, இம்மாத்திரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? சீட்டோடு வருபவரைத் திருப்பி அனுப்பினால் அவர் போவது சீட்டுக் கேட்காத இடத்துக்குத்தான்.

பதினைந்தாம் நாள் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றோம். அதற்கு முன்னாள் அக்கா தாமாகவே சிறுநீர்ச் சோதனைப் பட்டை ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு கோடு! இரவெல்லாம் உறங்கவில்லையாம். கரு கலைந்த பின்னும் அந்தச் சுரப்பு உடலில் இருந்து நீங்க நான்கு வாரம் வரை ஆகும். பட்டை அதைத்தான் காட்டியது. டாக்டரம்மாள் சோதித்துப் பார்த்து, எல்லாம் வெளியேறிவிட்டது என்றார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். காப்பர்-டி பற்றிப் பேச்சு வந்தது. அரசு மருத்துவமனையில் காசில்லை என்றார்.

அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல கேக்கணுமே" என்றார்.

"கேளுங்க, கேட்டுட்டு நீங்களே முடிவு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மாள்.

அடுத்த புதன்கிழமை வந்து போட்டுக்கொண்டார். ஆட்டோவை அவர் கணவரே ஓட்டி வந்தார்.